ஸ்னோபோர்டா, ஸ்கீயா: எந்தக் காயம் உங்களுக்குக் கட்டுப்படியாகும்?

தை பிறந்து நல்ல பனி ஒன்று கொட்டிவிட்டால் போதும், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் யாராவது ஒருவர் கொலிங்வுட் பக்கம் போக ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார். வேலையிடத்து நண்பர்கள், பல்கலைக்கழகக் கூட்டம், மச்சான்மார் என்று ஒரு பட்டாளம் அங்கிருக்கும் புளூ மவுண்டன் சறுக்குமலைக்கு வெளிக்கிடும். வாடகைக் கடையில் படிவம் நிரப்பும்போதுதான் கேள்வி வரும்: ஸ்கீயா (காலுக்கொரு பலகை), ஸ்னோபோர்டா (இரண்டு காலுக்கும் ஒரே பலகை)? பெரும்பாலானவர்கள் வரிசையில் முன்னால் நிற்பவர் எடுப்பதையே எடுக்கிறார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்கிறார்கள், "இரண்டில் எது ஆபத்துக் குறைவு?"

அதற்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. புதிதாகப் பழகுபவர் இரண்டிலும் விழுவார். விழுகிற விதம் வேறு, அடி வாங்கும் இடம் வேறு, அது ஆற எடுக்கும் காலமும் வேறு. ஸ்னோபோர்ட் பெரும்பாலும் கையைப் பதம்பார்க்கும், ஸ்கீ முழங்காலை. ஆகவே நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் பிழைப்பும் வீடும் எந்த உறுப்பு இல்லாமல் இரண்டு மாதம் ஓடும்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

## எவற்றை வைத்துப் பார்க்கிறோம்

காயத்தின் இடமும் ஆறும் காலமும் முதலாவது. அடுத்தது தொழில். கணினி முன் இருப்பவருக்கும், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்தும் பிஎஸ்டபிள்யூவுக்கும், லொறி ஓட்டுநருக்கும் ஒரே முறிவு ஒரே விலையில் வருவதில்லை. மூன்றாவது, எத்தனை நாள் போகப்போகிறீர்கள் என்பது. வாழ்நாளில் ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருபவருக்கும் பனிக்காலம் முழுக்கப் போக நினைப்பவருக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது. நாலாவது செலவு. நுழைவுச்சீட்டில் அச்சிட்ட விலையைவிட அச்சிடாத விலைதான் இங்கே பெரியது.

ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பனியின் தன்மை. தெற்கு ஒன்ராறியோவின் சறுக்குமலைகளில் கணிசமான பனி இயந்திரம் தூவியது. பகலில் இளகி, மழையில் நனைந்து, இரவில் உறைந்து கல்லாகிவிடும். வீடியோக்களில் ஆட்கள் பஞ்சுமெத்தையில் விழுவதுபோல விழுகிறார்களே, அது பிரிட்டிஷ் கொலம்பியாப் பனி. இங்கே ஒரு வியாழக்கிழமை இரவு விழுந்தால் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்த மாதிரித்தான் இருக்கும்.

| | ஸ்னோபோர்ட் | ஸ்கீ | டியூப் (காற்றடைத்த வளையத்தில் இருந்து இறங்குவது) |
|---|---|---|---|
| அதிகம் அடிபடும் இடம் | மணிக்கட்டு, தோள், வால் எலும்பு, பின்மண்டை | முழங்கால் நார்கள், கைப் பெருவிரல் | மோதினால் கணுக்கால், முதுகு |
| சாதாரணமாக ஆறும் காலம் | மணிக்கட்டு முறிவுக்கு ஏறத்தாழ 6 கிழமை மாவுக்கட்டு, பிறகு பயிற்சி | லேசான நார்க்காயம் சில கிழமை. ஏசிஎல் என்னும் உள்நார் அறுந்தால் 9 மாதம் முதல் ஒரு வருடம் | பெரும்பாலும் கண்டல் |
| முதல்நாள் அனுபவம் | விழுந்து எழும்புவதே வேலை | மதியத்துக்குள் மெதுவாக இறங்கலாம் | பழக ஒன்றுமில்லை |
| பிறகு | இரண்டு மூன்று நாள் தாண்டினால் வேகமாக முன்னேறலாம் | தொடக்கம் சுலபம், நேர்த்தி வர வருடங்கள் | அதே இடம்தான் |
| தனியாக வாங்கவேண்டியது | மணிக்கட்டுக் காப்பு, பஞ்சு வைத்த உட்காற்சட்டை | பெரும்பாலும் ஒன்றுமில்லை | ஒன்றுமில்லை |
| லிஃப்டில் (மேலே ஏற்றும் தொங்கு இருக்கை) இறங்குவது | புதியவருக்குச் சிரமம் | ஓரளவு சுலபம் | பெரும்பாலும் இழுவைப் பட்டி |

தலைக்கவசத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஸ்கீக்கும் ஸ்னோபோர்டுக்கும் அது தெரிவு அல்ல, உடுப்பு. தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 35 சதவீதம் குறைக்கிறது என்று 2010இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. வாடகைக்கு எடுக்கலாம்.

## ஸ்னோபோர்ட்: மெதுவாகப் போகும்போதுதான் உடைகிறது

இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிவிடுகிறார்கள். கையில் தடி இல்லை. பலகையின் இரு பக்கமும் இரும்பு விளிம்பு ஓடுகிறது, ஒன்று குதிக்கால் பக்கம், மற்றது விரல் பக்கம். சரிவில் இறங்கும்போது மேட்டுப் பக்கத்து விளிம்புதான் பனியைப் பிடித்திருக்கவேண்டும். பள்ளத்துப் பக்கத்து விளிம்பு கொஞ்சம் பதிந்துவிட்டாலும் பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. ஒரு காலை எட்டிவைத்துச் சமாளிக்கலாம் என்றால் காலும் பூட்டியிருக்கிறது. விசிறி எறிந்தாற்போல் விழவேண்டியதுதான். புதியவர்களின் விபத்துகளில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் வருவது. வேகமும் தேவையில்லை, செங்குத்தான சரிவும் தேவையில்லை. ஏறத்தாழச் சமதரையாக இருக்கும் இடத்தில் பலகையைத் தட்டையாக விட்டுவிட்டுக் களைத்துப்போய் வருகிறவர்தான் அதிகம் அகப்படுவார்.

எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்பது எந்த விளிம்பில் நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு குதிக்கால் விளிம்பில் வந்தவர் முன்னால் விழுவார். கை தானாக நீளும், முழுப் பாரமும் உள்ளங்கையில் இறங்கும், முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறியும். ஸ்னோபோர்ட் பழகுபவர்களுக்கு வரும் முறிவுகளில் முதலிடம் இதற்குத்தான். மேட்டைப் பார்த்துக்கொண்டு விரல் விளிம்பில் வந்தவர் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். அப்போது வால் எலும்பு, முழங்கை, கடைசியாகப் பின்மண்டை. மென்சரிவில் பின்னால் விழுந்து மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்த புதியவர்களைப் பற்றி ஜப்பானிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். எனக்கு மணிக்கட்டைவிட இதில்தான் பயம். மணிக்கட்டு ஆறிவிடும்.

முழங்கால் பொதுவாகத் தப்பிவிடுகிறது. இரண்டு காலும் ஒரே திசையில் திரும்புவதால் ஒன்று ஒருபக்கமும் மற்றது மறுபக்கமும் முறுக்குப்படுவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. லிஃப்டில் ஏறி இறங்க ஒரு காலைக் கழற்றவேண்டும். அந்த நேரம் பலகை முழுவதும் ஒற்றைக் காலில் தொங்குகிறது. இறங்குமிடத்தில் தடுமாறி விழுந்தால் முழங்காலோ கணுக்காலோ திருகும். பூட்டு ஸ்கீயைப்போலத் தானாகக் கழன்று கொடுக்காது. கணுக்கால் விடயத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். தாலஸ் என்னும் எலும்பின் வெளிப்பக்க முனை முறிவது ஸ்னோபோர்டர்களிடம் தனித்துக் காணப்படும் காயம். வெளியில் பார்த்தால் சாதாரணச் சுளுக்கு மாதிரியே இருக்கும், சாதாரண எக்ஸ்ரேயிலும் தவறிவிடலாம். ஸ்னோபோர்டில் விழுந்து வெளிக்கணுக்காலில் வலி போகவில்லை என்றால், எப்படி விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி நல்ல செய்தி. ஸ்னோபோர்டின் முக்கியமான காயத்துக்கு மலிவான தடுப்பு இருக்கிறது. 2001இல் வெளிவந்த நோர்வே ஆய்வொன்றில் 5,000க்கும் மேற்பட்ட ஸ்னோபோர்டர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மணிக்கட்டுக் காப்பு கொடுத்தார்கள். காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கு மணிக்கட்டுக் காயம், அணியாதவர்களில் 29 பேருக்கு. ஆனால் வாடகைக் கடைக்காரர் பூட்ஸ் தருவார், பலகை தருவார், தலைக்கவசமும் தருவார். காப்பு பெரும்பாலும் இருக்காது. போவதற்கு முன்பே வாங்கிவிடவேண்டும். கையுறைக்குள் அடங்குகிறதா என்று கையுறையோடேயே போட்டுப் பாருங்கள். ஸ்னோபோர்ட் காப்புக்கென்று ஐஎஸ்ஓ 20320 என்ற தரம் 2020இல் வந்துவிட்டது, அந்த இலக்கம் பொதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே, விழுவதைப் பழகவேண்டும்: முன்னால் விழுந்தால் கைவிரல்களை மடித்து முன்கையை முழுதாகப் பரப்பி விழுவது, பின்னால் விழுந்தால் குந்தி உருண்டு நாடியை நெஞ்சோடு சேர்ப்பது. நல்ல ஆசிரியர் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்.

## ஸ்கீ: பூட்டு அவிழும், முழங்கால் அவிழாது

ஸ்கீயில் கால்கள் தனித்தனி. தடுமாறினால் ஒரு காலைத் தள்ளிவைக்கலாம், தடியை ஊன்றலாம், இரண்டு ஸ்கீயின் முனைகளையும் உள்ளே சேர்த்து ஆப்பு வடிவில் பிடித்தால் நிற்கவும் செய்யலாம். அதனால்தான் முதல்நாள் மதியத்துக்குள் பலர் ஏதோ ஒரு மாதிரி இறங்கிவிடுகிறார்கள். காலையில் பத்துத் தடவை விழுந்து மதியம் வெறுத்துப்போய்த் தேநீர்க் கடையில் குந்தியிருப்பவரைப் பாருங்கள், அநேகமாக அவர் காலில் ஸ்னோபோர்ட் பூட்ஸ்தான் இருக்கும்.

பழைய காலத்தில் ஸ்கீ என்றால் கீழ்க்கால் எலும்பு முறிவுதான். பாரம் கூடும்போது தானாகக் கழலும் பூட்டு மேம்பட்ட பிறகு அது வெகுவாகக் குறைந்தது. முழங்கால் காயம் அப்படிக் குறையவில்லை, ஏனென்றால் அந்தப் பூட்டு உருவானது கீழ்க்கால் எலும்பைக் காப்பாற்ற. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் நார் அதற்கு முன்பே அறுந்துவிடும். புதியவர் மெதுவாகத் திருகி விழும்போது பூட்டுக்குத் தேவையான விசை வருவதேயில்லை. ஸ்கீ கழலாது, நீண்ட பலகை ஒரு நெம்புகோலாகி முழங்காலைத் திருப்பும். பின்னால் சாய்ந்து விழப்போகும் வேளையில் எழும்பப் பார்ப்பதுதான் மிக மோசமானது. சரிந்தால் சரிந்துவிடுங்கள், சறுக்கி நிற்கும்வரை எழும்ப முயலாதீர்கள்.

பூட்டின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், எவ்வளவு தேர்ந்தவர் என்ற ஐந்தையும் வைத்து அட்டவணை பார்த்துப் பூட்டுகிறார்கள். இங்கேதான் நம் ஆட்களின் கூச்சம் குறுக்கே வரும். நண்பர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று எடையைக் குறைத்துச் சொன்னால் பூட்டு இளகிப்போய்த் தேவையில்லாத இடத்தில் கழலும். "கொஞ்சம் ஓடுவேன்" என்று பெருமையடித்தால் பூட்டு இறுகி, கழலவேண்டிய இடத்தில் கழலாது. படிவத்தில் உண்மை எழுதுவதற்குக் காசு செலவில்லை.

இன்னொரு காயம் சின்னது, ஆனால் எரிச்சலூட்டுவது. தடியின் வாரைக் கையில் மாட்டிக்கொண்டு விழும்போது பெருவிரல் வெளிப்பக்கமாக வளைந்து அதன் அடிநார் அறும். பேனை பிடிக்க, போத்தல் மூடி திறக்க, சாவி திருப்ப எல்லாவற்றுக்கும் அந்த நார் வேண்டும். பழகும் நாட்களில் வாரை மாட்டாதீர்கள். விழும்போது தடியைக் கைவிடுங்கள்.

ஸ்கீயின் மறைந்த செலவு காலம். எல்லா முழங்கால் காயமும் ஏசிஎல் அல்ல. உட்பக்க நார் இழுபட்டால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே ஆறும். ஆனால் ஏசிஎல் என்று வந்துவிட்டால் எம்ஆர்ஐக்குக் காத்திருப்பு, எலும்பு மருத்துவருக்குக் காத்திருப்பு, சத்திரசிகிச்சை செய்தால் அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி. ஸ்கீயில் ஏசிஎல் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

## டியூப்

சிறியவர்களோடும் பெரியவர்களோடும் குடும்பமாகப் போகிறவர்கள் காற்றடைத்த டியூபில் இறங்கும் இடங்களையும் பாருங்கள். பழக ஒன்றுமில்லை, ஒரு மணித்தியாலத்தில் ஆசை தீர்ந்துவிடும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓடுபாதையின் அடியில் எழும்பாமல் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்மேல் அடுத்தவர் வந்து மோதுவதுதான் வழக்கமான விபத்து. பூங்காவில் மரங்களுக்கு நடுவே சொந்த டியூபில் இறங்குவதை இதோடு சேர்க்காதீர்கள், அது வேறு விளையாட்டு.

## அச்சிடாத விலை

ஒன்ராறியோவுக்குள் விழுந்தால் அவசரப் பிரிவும் எக்ஸ்ரேயும் சத்திரசிகிச்சையும் மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் பொறுப்பு. அம்புலன்சுக்கு 45 டொலர் பங்கு கட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் கணக்கு தொடங்கும். மாவுக்கட்டு கழற்றிய மணிக்கட்டுக்கும், நார் அறுந்த முழங்காலுக்கும் பிசியோதெரபி தேவை. 20 முதல் 64 வயது வரையானவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் இரவு தங்கி வந்திருந்தால் அல்லது சமூக உதவித் திட்டத்தில் இருந்தால் தவிர, ஓஹிப் பொதுவாக அதைக் கட்டாது. வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் தப்பினீர்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டுக்குச் சில தடவை, ஏசிஎல்லுக்கு மாதக்கணக்கில் கைக்காசு.

வேலைக்குப் போகமுடியாத நாட்கள் அடுத்தது. இது வேலைக்காயம் அல்லாததால் வேலைக்காயங்களுக்கு இழப்பீடு தரும் டபிள்யூஎஸ்ஐபியிடம் போகமுடியாது. ஈஐ என்னும் மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில் சுகவீனக் கொடுப்பனவு 2022 டிசெம்பரிலிருந்து 26 கிழமைவரை கிடைக்கிறது, ஆனால் அது சம்பளத்தின் 55 சதவீதம், அதற்கும் மேலெல்லை உண்டு, 600 மணித்தியால வேலையும் காட்டவேண்டும். சொந்த லொறி வைத்து ஓடுபவரும் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவரும் முன்கூட்டியே பதிந்திருந்தால் ஒழிய அதுவும் இல்லை.

எல்லை தாண்டினால் கதை மாறும். கியூபெக் மாகாணத்துச் சறுக்குமலையான மொன் ட்ரொம்ப்ளோன் அழகான இடம்தான், ஆனால் மாகாணங்களுக்கிடையிலான மருத்துவர் கட்டண உடன்பாட்டில் கியூபெக் இல்லை. அங்கே மருத்துவருக்கு நீங்கள் முதலில் கட்டி, பிறகு ஓஹிப்பிடம் கேட்டு வாங்கவேண்டி வரலாம். நியூயோர்க் மாநிலத்தின் எலிகொட்வில்லுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். கனடாவுக்கு வெளியே அவசரப் பிரிவில் காட்டிவிட்டு வீடு திரும்பினால் ஓஹிப் தருவது நாளுக்கு 50 டொலர் வரை. அமெரிக்க ஆஸ்பத்திரியில் அது காற்றில் கரையும். பயணக் காப்புறுதி இல்லாமல் எல்லை தாண்டவேண்டாம். சூப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவின் காப்புறுதியில் பனிவிளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சறுக்குமலைமேல் வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்கவேண்டாம். டிக்கெட் வாங்கும்போது ஒப்பமிடும் பொறுப்புத் துறப்பு வெறும் சடங்கு அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அதை உடைக்கமுடியாது என்று 2018இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு செலவை யாரும் எண்ணுவதில்லை. கொலிங்வுட்டிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியால ஓட்டம். நாலு பேர் ஒரு காரில் போய், ஓட்டத் தெரிந்தவரின் மணிக்கட்டு உடைந்தால்? இரண்டு சாரதிகளாவது இருக்கட்டும்.

## யாரிடம் பழகுவது

எதைத் தெரிவு செய்தாலும் இந்தத் தெரிவு அதைவிடப் பெரியது. நண்பர் பழக்குவார் என்றால் அது இலவசம்போலத் தெரியும். நண்பர் என்ன செய்வார்? பத்து நிமிடம் கீழே காட்டிவிட்டு, "மேலே போனால் தானாக வரும்" என்று லிஃப்டில் ஏற்றிவிடுவார். தனக்குப் பொழுது வீணாகிறது என்ற அவசரம் அவருக்கு. மேலே போனபின் இறங்க ஒரே வழி சரிவுதான். பாதி விபத்துக் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

பாடம், வாடகை, பழகுசரிவுக்கான டிக்கெட் மூன்றையும் சேர்த்து விற்கும் பொதிகள் பெரும்பாலான இடங்களில் உண்டு. பொதியில் போகிறவர் முதல்நாள் பழகுசரிவில் ஆட்களை மேலே கொண்டுபோகும் ஓடும் பட்டியைத் தாண்டமாட்டார், அதுவே அரைப் பாதுகாப்பு. தூரம் போகவும் தேவையில்லை. ரொறன்ரோ மாநகரசபையே ஏர்ல் பேல்ஸ் பூங்காவிலும் சென்டெனியல் பூங்காவிலும் சறுக்குமேடுகள் நடத்துகிறது. புளூ மவுண்டனின் 220 மீற்றர் உயரம் உங்களுக்கு முதல்நாள் எதற்கு?

## விழுந்த பிறகு

பனியில் சறுக்கும் ஆபத்தைப் பற்றிக் கதைக்கும்போது நடிகை நடாஷா ரிச்சர்ட்சனை மறக்கமுடியாது. 2009 மார்ச் 16ஆம் திகதி மொன் ட்ரொம்ப்ளோனில், பழகுசரிவில், ஸ்கீ வகுப்பில் விழுந்தார். தலைக்கவசம் இல்லை. எழும்பிச் சிரித்துக் கதைத்தார், முதலில் வந்த மருத்துவ உதவியை வேண்டாம் என்றார். பிறகு தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் கசிந்திருந்தது. தலையில் அடிபட்டவர் நன்றாகக் கதைக்கிறார் என்பது எதற்கும் உத்தரவாதமல்ல. அன்றைக்கு அவர் திரும்பச் சரிவில் ஏறக்கூடாது, தனியே விடப்படக்கூடாது. தலைவலி கூடுவது, வாந்தி, குழப்பம், தூங்கி வழிவது இவற்றில் ஒன்று வந்தாலும் 911.

மணிக்கட்டுக்கு ஒரு சோதனை. பெருவிரலை மேலே நீட்டினால் அதன் அடியில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு குழி தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கஃபொயிட் என்னும் சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல்நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கம், அதனால்தான் கட்டுப்போட்டு பத்துப் பதினாலு நாளில் திரும்ப வரச்சொல்வார்கள். "முறிவில்லையாம்" என்று சந்தோஷப்பட்டுப் போகாமல் விடுபவர்கள் உண்டு. அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே போய், பிறகு வருடக்கணக்கில் வலிக்கும்.

அடிபட்டவரை நீங்களே தூக்கி இழுக்கவேண்டாம். மேட்டுப் பக்கத்தில் இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டுவைத்து, சறுக்குமலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பட்ரோலுக்குச் சொல்லியனுப்புங்கள்.

## யாருக்கு எது

கணினி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால் ஸ்னோபோர்ட் பரவாயில்லை. ஒற்றைக் கையால் தட்டச்சு செய்வது எரிச்சல்தான், ஆனால் சம்பளம் வரும். கடையில் நின்று வேலை செய்பவர், படியேறி இறங்கும் வீட்டுக்காரர், சேவைப் பகுதி ஊழியர் ஆகியோருக்கு முழங்கால் போனால் எல்லாமே போனமாதிரி. காப்பு அணிந்து ஸ்னோபோர்ட் எடுக்கலாம் என்பேன். பிஎஸ்டபிள்யூக்களுக்கும் பண்டகசாலையில் பெட்டி தூக்குபவர்களுக்கும் கை, முழங்கால் இரண்டுமே வேண்டும். அவர்களுக்கு நான் ஸ்கீ சொல்வேன், ஆனால் பாடத்தோடும் பழகுசரிவோடும் மட்டும். கைக்குழந்தை உள்ள தாய் தகப்பனுக்கும் அதே பதில், மாவுக்கட்டோடு பிள்ளையைத் தூக்க முடியாது.

கோடையில் அரங்கேற்றம் வைத்திருக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. பரதநாட்டியப் பிள்ளை என்றால் ஸ்கீயைத் தவிர்க்கவேண்டும், மிருதங்கமோ வீணையோ என்றால் ஸ்னோபோர்டை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது என்றால் இரண்டையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். ஆசிரியர் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன்.

ஒரே ஒருநாள் பயணம் என்றால் ஸ்கீ. ஸ்னோபோர்டின் கஷ்டமான நாளை மட்டும் அனுபவித்துவிட்டு, அது இனிக்கத் தொடங்கும் நாளுக்கு முன் வீடு திரும்புவதில் என்ன பயன்? பனிக்காலம் முழுக்கப் போகிறவர் விருப்பப்படி எடுக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு தேய்வு உள்ளவர்கள், புண் ஆறத் தாமதிக்கும் அளவுக்குச் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் முதலில் குடும்ப மருத்துவரைக் கேட்கவேண்டும். இரத்த மருந்து எடுப்பவர் ஸ்னோபோர்டில் பின்னால் விழுவதை என்னால் நினைத்தும் பார்க்கமுடியவில்லை.

கடைசியாக, போன வருடம் ஸ்னோபோர்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, இந்த வருடம் ஸ்கீக்கு மாறலாமா என்று கேட்பவர்கள். அநேகமாக வேண்டாம். மாறினால் திரும்பவும் முதல்நாள் ஆளாகிவிடுவீர்கள், இந்தமுறை முழங்காலைப் பணயம் வைத்து. ஸ்னோபோர்டின் மிகக் கடினமான நாட்களுக்கு விலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். எலும்பு பொருந்திவிட்டது என்று மருத்துவர் சொல்லி, நிறைந்த பால் போத்தலை அந்தக் கையால் வலியின்றித் தூக்க முடிகிறது என்றால், காப்போடு, பாடத்தோடு, பழகுசரிவின் அடியிலிருந்து தொடங்கலாம். புதுப்பனி கொட்டிய மறுநாள் பகலில் போங்கள், இரவு டிக்கெட் மலிவு என்று போகவேண்டாம்.